நாலு குவார்ட்டருக்கு ஒரு நிலம்!

அமெரிக்காவில் எனக்கு நிலம் இருந்தது என்று சொன்னால் என் மாமனாரே நம்பமாட்டார். சொந்த நிலம் இல்லை, வாடகை நிலம்தான். ஸான்ஃபிரான்சிஸ்கோ நகரத்தில், மெயின் ரோட்டு மேலேயே, சுமார் எட்டடி அகலம், இருபதடி நீளம். விலை நாலு குவார்ட்டர். உடனே சப்புக்கொட்ட வேண்டாம் ஸார்! அங்கே குவார்ட்டர் என்றால் கால் டாலர் நாணயம். ஆக மொத்தம் ஒரு டாலர். பத்திரம் கிடையாது, பட்டா கிடையாது, புரோக்கர் கமிஷன் கிடையாது. மீட்டர் ஓடுகிற வரை நான்தான் நிலச்சுவான்தார்.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

2013 செப்டம்பர். ஆபீஸில் மூன்று வார டிரெயினிங் என்று அனுப்பியிருந்தார்கள். அங்கே ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்த கணக்கு வேலையை நாங்கள் கற்றுக்கொண்டு சென்னைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். கற்றுக்கொடுத்தவருக்கும் அது தெரியும். ஆனாலும் தினமும் அவர்தான் எங்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். நல்ல மனுஷர்.

செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை. மத்தியானமே விட்டுவிட்டார்கள். ஃப்ரீமான்ட்டிலிருந்து என் காலேஜ் நண்பன் காரில் வந்து ஏற்றிக்கொண்டான். பி.காம். மூன்று வருஷமும் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் பேப்பரைப் பார்த்து எழுதி, என்னைவிட நாலு மார்க் கூட வாங்கியவன். பிறகு சாஃப்ட்வேருக்குத் தாவி அங்கேயே செட்டிலாகிவிட்டான்.

"மாப்ளே, ஊரைச் சுத்திக் காட்டுறேன் வாடா" என்றான். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினான். சுற்றோ சுற்று என்று சுற்றினோம், பார்க்கிங் தேடி!

அந்த ஊரில் மிஷன் என்று ஒரு பேட்டை. ஸ்பானிஷ் பேசுகிற ஜனங்கள் நிறைய. சந்து பொந்தெல்லாம் சுவரில் கலர் கலராகச் சித்திரம். அங்கே வாலன்ஸியா தெருவில் ஏதோ ஒரு கடையில் சாப்பிடலாம் என்று உத்தேசம். மூன்று சுற்றில் பிள்ளையாருக்குப் பிரதட்சிணம் முடிந்தது. ஒன்பது சுற்றில் நவக்கிரகமும் முடிந்தது. இடம் மட்டும் கிடைக்கவில்லை. பசி வயிற்றைக் கிள்ளியது.

"அதோடா மாப்ளே!" என்று கத்தினான் நண்பன்.

இரண்டு கார்களுக்கு நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. இண்டிகேட்டரைப் போட்டு ஆசை ஆசையாகக் கிட்டே போனான். போனவன் சடக்கென்று பிரேக் போட்டான். கார் நிற்க வேண்டிய இடத்தில் புல் இருந்தது. நிஜப் புல், பாய் மாதிரி சுருட்டிக் கொண்டுவந்து விரித்தது. அதன் மேல் ஒரு மர பெஞ்ச், தொட்டியில் ஒரு சின்ன மரம், நாலைந்து மடக்கு நாற்காலி, ஒரு செஸ் போர்டு. ஒரு கிழவர் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுப் புல்லில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், ஏதோ திண்ணையில் இருப்பது போல.

"டேய், என் இடத்துல எவனோ புல்லு வளத்திருக்கான்டா!"

நண்பன் கண்ணாடியை இறக்கினான். காலேஜ் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே வந்தாள். இது கார் நிறுத்துகிற இடம் என்று இவன் சட்டம் பேசினான். அவள் மீட்டரைக் காட்டினாள். "காசு போட்டிருக்கிறோம். இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது. நீங்கள் காரை நிறுத்துவீர்கள், நாங்கள் புல்லை நிறுத்தியிருக்கிறோம், அவ்வளவுதான். வந்து உட்காருங்களேன்" என்றாள்.

நான் இறங்கிக்கொண்டேன். நண்பன் முணுமுணுத்துக்கொண்டே பத்தாவது சுற்றுக்குப் போனான். அவன் திரும்பி வர முக்கால் மணி ஆயிற்று. அந்த முக்கால் மணியில் நான் தெரிந்துகொண்டது என் பி.காம். மூன்று வருஷத்தில் எவரும் சொல்லித்தராத பாடம்.

★

அன்றைக்குப் 'பார்க்கிங் டே' என்றாள் அந்தப் பெண். 'பார்க்' என்றால் பூங்கா, 'பார்க்கிங்' என்றால் வண்டி நிறுத்தம். இரண்டையும் சேர்த்து ஒரு சிலேடை. நம்ம காளமேகப் புலவர் கேட்டிருந்தால் சபாஷ் போட்டிருப்பார். வருஷா வருஷம் செப்டம்பர் மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை. அன்று ஒரு நாள் மட்டும் பார்க்கிங் இடத்துக்குக் காசு போட்டு, அதைப் பூங்காவாக்கி, போகிற வருகிற எல்லோரையும் உட்காரச் சொல்வது. சாயங்காலம் சுருட்டிக்கொண்டு போய்விடுவது.

ஆரம்பித்து வைத்ததும் இந்த ஊர்தான். ரீபார் என்று ஒரு சின்ன கோஷ்டி. மாத்யூ பாஸ்மோர், ஜான் பேலா, பிளேன் மெர்க்கர் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். பாஸ்மோர் சட்டம் படித்தவர். மற்ற இருவரும் பூங்கா, தோட்டம், திறந்தவெளி இவற்றை வடிவமைக்கிறவர்கள். மீட்டரில் காசு போட்டவன் காரைத்தான் நிறுத்தியாக வேண்டுமா என்று இவர்களுக்கு ஒரு சந்தேகம். சட்டத்தைப் பார்த்தார்கள். வேறு எதையும் வைக்கக் கூடாது என்று தடுக்கிற வரி அவர்கள் கண்ணில் படவில்லை. விடுவார்களா?

2005 நவம்பர் 16. ஸான்ஃபிரான்சிஸ்கோவின் டவுன்டவுனில் ஒரு மீட்டர் இடத்தைப் பிடித்தார்கள். புல், பெஞ்ச், ஒரு மரம். வைத்துவிட்டு எதிர்ப் பக்கம் போய் வேடிக்கை பார்த்தார்கள். சில நிமிஷத்தில் ஓர் ஆசாமி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றினார். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். இன்னொருத்தர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முன்பின் தெரியாத இரண்டு பேரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு மணி நேரம் கழித்து மீட்டர் முடிந்தது. புல்லைச் சுருட்டி, மரத்தையும் பெஞ்சையும் தூக்கி, தெருவைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

எடுத்த போட்டோ ஒன்று இன்டர்நெட்டில் ஊரெல்லாம் பரவியது. "எங்க ஊர்லயும் செய்யலாமா?" என்று கடிதம் வந்து குவிந்தது. அவர்கள் உரிமை கொண்டாடி ராயல்டி கேட்கவில்லை. எப்படிச் செய்வது என்று கையேடு போட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை, இதை வைத்து வியாபாரம் பண்ணக் கூடாது. 2011-ல் கணக்கெடுத்தபோது 35 நாடுகளில் 162 நகரங்களில் 975 இடங்களில் இந்த ஒரு நாள் பூங்காக்கள் முளைத்திருந்தன. சிலர் இலவச வைத்தியம் பார்த்தார்கள். சிலர் சைக்கிள் ரிப்பேர் செய்து கொடுத்தார்கள். ஒரு ஜோடி பார்க்கிங் இடத்திலேயே கல்யாணம் செய்துகொண்டது. சத்திரத்து வாடகை மிச்சம்!

★

இப்போது என் பி.காம். மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

மீட்டர் என்பது என்ன? ஒரு வாடகைச் சீட்டு. நாம் நினைப்பது போலக் காருக்கான கட்டணம் அல்ல, நிலத்துக்கான வாடகை. உலகத்தின் முதல் பார்க்கிங் மீட்டர் 1935 ஜூலை 16-ல் அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரத்தில் நட்டது. மணிக்கு ஐந்து சென்ட். யோசனை கொடுத்தவர் கார்ல் மகீ என்கிற பத்திரிகை ஆசிரியர். (பத்திரிகை ஆசிரியர்கள் காசு வாங்குவதில் எப்போதுமே கெட்டி. நம்ம எடிட்டர் மன்னிக்க!) கடைச் சிப்பந்திகளும் ஆபீஸ்காரர்களும் காலையில் காரை நிறுத்திவிட்டுச் சாயங்காலம்தான் எடுத்தார்கள். சாமான் வாங்க வருகிறவர்களுக்கு இடமில்லை. அதனால் மீட்டர். அதாவது, தெருவோரம் என்பது விலைமதிப்புள்ள இடம், அதை ஒருத்தரே நாள் முழுக்க அடைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் மீட்டரின் மூல மந்திரம்.

அந்த மந்திரத்தை விளக்கமாக எழுதியவர் டொனால்ட் ஷூப். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் பேராசிரியர். 2025 பிப்ரவரியில் காலமானார். இலவச பார்க்கிங்குக்கு ஊர் கொடுக்கிற விலை எவ்வளவு பெரியது என்று 2005-ல் தலையணை கனத்தில் ஒரு புத்தகம் எழுதினார். அவர் கணக்குப்படி ஒரு சராசரி கார் தன் ஆயுளில் 95 சதவீதம் சும்மா நின்றுகொண்டுதான் இருக்கிறது. ஓடுவது ஐந்தே சதவீதம்! நம் ஆபீஸில் கூட அந்த மாதிரி ஒன்றிரண்டு பேர் உண்டு. ஆனால் அவர்களுக்குக் கொடுப்பது ஒரு நாற்காலி அளவு இடம்தான்.

காருக்கு எவ்வளவு? எட்டை இருபதால் பெருக்குங்கள், 160 சதுர அடி. இந்த நம்பரை மனசுக்குள் போட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணம், அப்போது நான் சென்னையில் இருந்தது திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில். பத்துக்குப் பத்து ரூம். நூறு சதுர அடி. அதில் மூன்று பேர். மூன்று கட்டில், மூன்று பெட்டி, கொடியில் மூன்று பேர் ஜட்டி பனியன். ஒரு கார் ஓய்வெடுக்கிற இடத்தில் எங்கள் ரூமை வைத்தால் இன்னும் அறுபது சதுர அடி மிச்சம். நாலாவது ஆளையும் சேர்த்து வாடகையைக் குறைத்திருக்கலாமே!

★

செஸ் போர்டுக்கு எதிரே அந்தக் கிழவர் இருந்தார். "ஆடத் தெரியுமா?" என்றார். விஸ்வநாதன் ஆனந்தின் ஊர்க்காரன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் பதினேழே நகர்த்தலில் தோற்றேன். ஆனந்த் மன்னிப்பாராக.

பேச்சு வாக்கில் அவரைப் பற்றித் தெரிந்தது. எழுபது வயசுக்கு மேல். பக்கத்துத் தெருவில் ஒரு பழைய ஹோட்டலில் ஒற்றை ரூமில் இருக்கிறார். ஹோட்டல் என்றதும் நட்சத்திரம் எண்ண வேண்டாம். மாத வாடகைக்கு ரூம், பாத்ரூம் பொது. ஸான்ஃபிரான்சிஸ்கோவில் இப்படிப்பட்ட ஒற்றை ரூம் ஹோட்டல்கள் நிறைய உண்டு, மிஷன் பேட்டையிலும் உண்டு. உலகத்திலேயே அதிக வாடகை வாங்குகிற நகரங்களில் ஒன்றான அந்த ஊரில், கையில் காசில்லாதவன் தலைக்கு மேலே கூரை என்று வைத்துக்கொள்வது அதைத்தான்.

"ரூம் எவ்வளவு பெரிசு?" என்று கேட்டேன். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை விரித்து, புல்லில் பாதிக்கு மேல் ஒரு கோடு காட்டினார். "இவ்வளவுதான். ஜன்னலைத் திறந்தால் சுவர்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. அவரும் மேன்ஷன்வாசிதான்! பத்தாயிரம் மைல் பறந்து வந்து என் ரூம்மேட்டையே பார்த்துவிட்டேன். ரூம் சின்னதாக இருப்பவனுக்குத் தெருதான் ஹால். திருவல்லிக்கேணியில் எங்களுக்கும் அப்படித்தான். ராத்திரி எட்டு மணிக்கு டீக்கடை பெஞ்ச்தான் எங்கள் வரவேற்பறை. பேப்பர், அரசியல், காதல் தோல்வி, வேலை தேடல் எல்லாம் அதில்தான். ஒருநாள் அந்த பெஞ்சை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் வரிசையாகப் பைக்குகள் வந்தன, பிறகு கார்கள். நாங்கள் நின்றுகொண்டே டீ குடித்துவிட்டு ரூமுக்குத் திரும்பப் பழகினோம். பெஞ்ச் போனதை யாரும் ஒரு செய்தியாகக்கூட நினைக்கவில்லை. நானும்தான்.

மீட்டர் முடிகிற நேரம். அந்தப் பெண் பர்ஸைத் துழாவினாள். நான் எழுந்து போய் என் பாக்கெட்டில் இருந்த நாலு குவார்ட்டரையும் ஒவ்வொன்றாகப் போட்டேன். டிரெயினிங் அலவன்ஸில் சேமித்த காசு. என் வாழ்க்கையில் நான் செய்த முதல் ரியல் எஸ்டேட் முதலீடு அதுதான். இன்று வரை நஷ்டம் வராத முதலீடும் அது ஒன்றுதான்.

நண்பன் வியர்த்து விறுவிறுத்து வந்தான். நாலு தெரு தள்ளி ஒரு கட்டடத்துக்குள் நிறுத்தினானாம். சண்டை போடுவான் என்று பயந்தேன். பெஞ்சில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஷூவைக் கழற்றினான்.

"மாப்ளே, ஆறு வருஷமா இந்த ஊருக்கு வந்து போறேன். தெருவுல உக்காந்தது இதான்டா முதல் தடவை."

சாயங்காலம் புல்லைச் சுருட்டினார்கள். பெருக்கினார்கள். கிழவர் தன் ஷூவை நிதானமாக மாட்டிக்கொண்டு, "நாளைக்கும் உண்டா?" என்று கேட்டார். "இல்லை, அடுத்த வருஷம்" என்றாள் அந்தப் பெண். அவர் தலையாட்டிவிட்டு நடந்தார். அவர் முனை திரும்புவதற்குள் அந்த இடத்தில் ஒரு கார் வந்து நின்றுவிட்டது.

★

நாளைக்கும் உண்டா என்ற கேள்விக்கு அந்த ஊர் நகராட்சி ஓரளவு பதில் சொல்லியிருக்கிறது என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. 2010-லேயே பார்க்கிங் இடங்களில் பலகை மேடை போட்டு, பெஞ்சும் செடியும் வைத்து, நிரந்தரமாக விடுகிற திட்டத்தை ஆரம்பித்திருந்தார்கள். 'பார்க்லெட்' என்று பேர். குட்டிப் பூங்கா. முன்னால் இருக்கிற கடைக்காரரே செலவு செய்யலாம், பராமரிக்கலாம். ஆனால் காபி வாங்கினால்தான் உட்காரலாம் என்று சொல்லக் கூடாது. எல்லோருக்கும் பொது என்று போர்டு வைக்க வேண்டும். 2011-ல் பவல் தெருவில் நீளமாக ஒன்று வந்தது. பணம் கொடுத்தது யார் தெரியுமா? ஆடி கார் கம்பெனி! கார் நிற்கிற இடத்தைப் பிடுங்குவதற்குக் கார்க்காரனே மொய் எழுதியது அங்கேதான்.

2020-ல் கொரோனா வந்தது. உள்ளே உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்றதும் ஹோட்டல்காரர்கள் எல்லோரும் பார்க்கிங் இடத்தில் மேஜை போட அனுமதி கொடுத்தார்கள். 2021-ல் அதை நிரந்தரத் திட்டமாக்கினார்கள். பல வியாபாரிகள் பிழைத்தார்கள், நல்லதுதான். ஆனால் அதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பொதுவான குட்டிப் பூங்கா ஒரு வகை, கடையே வைத்துக்கொள்ளும் மேஜை நாற்காலி இன்னொரு வகை. இரண்டாவது வகையில் பெரும்பாலான நாற்காலிகள் பில் கொடுக்கிறவனுக்குத்தான். கார்க்காரனிடமிருந்து மீட்ட இடம் காபிக்காரனுக்குப் போனால், செஸ் கிழவருக்கு என்ன லாபம்?

★

நம்ம ஊரிலும் ஒன்று நடந்தது. தி.நகர் பாண்டி பஜாரில் கார்கள் அடைத்துக்கொண்டிருந்த ஓரங்களை வாங்கி, நடைபாதையை அகலமாக்கி, பெஞ்ச் போட்டு 2019 நவம்பரில் திறந்தார்கள். தீபாவளி ஷாப்பிங்கில் கால் வலித்து அங்கே உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும் அதன் அருமை.

ஆனால் யோசித்துப் பார்த்தால், இந்த வித்தையை நமக்கு ஸான்ஃபிரான்சிஸ்கோ கற்றுத்தர வேண்டியதே இல்லை. ஆடி மாதம் தெருவை மறித்து அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம். விநாயகர் சதுர்த்திக்குப் பந்தல் போடுகிறோம். ஒரு வீட்டில் யாராவது போய்விட்டால் அரை மணியில் ஷாமியானா வந்துவிடும், பிளாஸ்டிக் சேர் வந்துவிடும். அங்கே நின்ற வண்டியெல்லாம் சொல்லாமலே விலகும். ஒருத்தன் ஹார்ன் அடிக்க மாட்டான். கையேடும் இல்லை, மீட்டரும் இல்லை. சாமிக்கும் செத்தவருக்கும் தெருவை விட்டுக்கொடுக்கிற நாம், உயிரோடு இருக்கிற பக்கத்து வீட்டுத் தாத்தா சாயங்காலம் ஒரு மணி நேரம் காற்றாட உட்கார மட்டும் இடம் கொடுப்பதில்லை.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஒன்றும் கிடையாது. இப்போது என்னிடமும் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் இருக்கிறது. ஃபிளாட்டில் பார்க்கிங் இல்லை. தெருவில்தான் நிற்கிறது. நான் அதை நிறுத்துகிற வேப்பமரத்து நிழலில் முன்பெல்லாம் கீழ்வீட்டுத் தாத்தா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாராம். வீட்டுக்காரம்மா போன மாதம் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "இப்ப உள்ளேயே டி.வி. பாத்துட்டு இருக்காரு, பாவம். வெளியில எங்க உக்காருவாரு?" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் குத்தியது.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு காரியம் செய்தேன். காரை எடுத்துக்கொண்டு போய் ரயில்வே ஸ்டேஷன் பார்க்கிங்கில் காசு கொடுத்து நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். மரத்தடியைப் பெருக்கினேன். மாடியிலிருந்து நாலு பிளாஸ்டிக் சேரைக் கொண்டுவந்து வரிசையாகப் போட்டேன். ஒன்றில் நானே உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு பைக்காரர் வந்து, சேரை நகர்த்திவிட்டு வண்டியை நிறுத்தப் பார்த்தார். சமாதானம் பேசி அனுப்பினேன். அடுத்து எதிர் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் தயங்கித் தயங்கி வந்தார். சேர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஸார்... எத்தனை மணிக்குங்க எடுக்கறாங்க?"

யாரும் போகவில்லை என்று அவருக்குப் புரியவைக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அவரும் ஒரு சேரில் உட்கார்ந்தார். சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுத் தாத்தா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மரத்தடியில் காரைக் காணோம் என்றதும் உள்ளே போனார். கோபமோ என்று நினைத்தேன்.

ஸ்டூலை எடுத்துக்கொண்டு வந்தார்.